இரண்டு கொப்பிக்காரர்

இந்த மாதம் வந்த கடிதங்களைக் கல்லடி வீட்டு விறாந்தையில் பரப்பி வைத்துப் பிரித்தேன். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களும் அவர்களின் வீட்டாரும் எழுதியவை மட்டும் ஐந்து இருந்தன. ஒருவரும் பெயர் போடவில்லை, அதில் குறையும் இல்லை. ஐந்திலும் ஒரே சங்கதிதான்: இரத்தம் குறைவு, களைப்பு, என்ன செய்யலாம்? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். பிரஷர் குளிசை பற்றி இரண்டாம் முறையாக எழுதிய ஐயா கோபிக்க வேண்டாம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டொக்டர் இல்லை. அரச ஆஸ்பத்திரிகளில் 31 வருசம் மருந்து யன்னலுக்குப் பின்னால் நின்று இளைப்பாறிய மருந்தாளர். குளிசையைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். என்ன நோய் என்று தீர்மானிப்பது உங்களைத் தொட்டுப் பார்க்கிற டொக்டரின் வேலை.

கேள்வி: எனக்கு 38 வயது, வாழைச்சேனைப் பக்கம். மூன்று வருசமாக இரவு படுக்கும்போது எச்.ஐ.வி.க்கு ஒரு குளிசை எடுக்கிறேன். வைரஸ் இரத்தத்தில் தெரியவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள், சந்தோசம். ஆனால் இப்போது கிணற்றில் நாலு வாளி அள்ளினாலே இளைக்கிறது. வேறொரு ஆஸ்பத்திரியின் மெடிக்கல் கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். எச்.பி. (ஹீமோகுளோபின்) 8.9, எம்.சி.வி. 68. இரும்புக் குளிசை தந்தார்கள். எச்.ஐ.வி. குளிசைதான் என் இரத்தத்தைக் குடிக்கிறதா? அதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா? மெடிக்கல் கிளினிக்கில் மற்ற நோயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் மாமிக்குத் தெரியாது. போத்தலில் லேபிளைக் கிழித்து, சத்தம் வராமல் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன்.

பதில்: நிறுத்த வேண்டாம், மகள். ஒரு இரவுகூட வேண்டாம்.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் எச்.ஐ.வி. மருந்து சிடோவுடின். ஏ.இசட்.டி. என்றால் என் வயதுக்காரருக்குத் தெரியும். ஆரம்பத்தில் அதை 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 1500 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். பலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. பிறகு 300 மில்லிகிராம் இரண்டு வேளை என்று குறைத்தார்கள். வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது அந்த மருந்து ஒரு போலிக் கல்லை உள்ளே நுழைத்துவிடும், சுவர் அதோடு எழும்பாது. எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற இடமான என்பு மச்சையிலும் இரவு பகலாகக் கட்டட வேலைதான். ஒரு செங்குருதிக் கலத்தின் ஆயுள் 120 நாள்தான் என்பதால் புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்திலும் சில பேருக்கு இந்தப் போலிக் கல் போய் விழுந்துவிடும். இரத்தம் குடிக்கிற மருந்து என்ற பெயர் அப்படி வந்தது. மருந்து மாறின பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

மூன்று வருசமாக நாளுக்கு ஒன்றே ஒன்று என்று எழுதியிருப்பதால் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த குளிசை. அந்தக் கூட்டினால் சோகை வருவது அரிது. உங்கள் ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்கிறது. எம்.சி.வி. என்பது செங்குருதிக் கலத்தின் பருமன். 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். சிடோவுடின் என்றால் கலம் பெருக்கும், உங்களுடையதோ சிறுத்துப்போயிருக்கிறது. கலம் சிறுத்து எச்.பி.யும் இறங்கினால் முதலில் பார்ப்பது இரும்புக் குறைவு. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் சோகை, நீங்கள் 8.9.

கடிதத்தில் எழுதாத சிலதைக் கேட்கிறேன். மாதாந்தம் எத்தனை நாள், எவ்வளவு போகிறது? பாதிப் பேர் இதை யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் இரத்தம் போகிற வாசல் அதுதான். வயலுக்குச் செருப்பில்லாமல் போகிறீர்களா? கொக்கிப்புழு காலால் ஏறிக் குடலில் இருந்து உறிஞ்சும், அதற்குப் பூச்சி மருந்து வேண்டும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணியா? அந்தச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். சிலருக்குப் பரம்பரையில் வரும் தலசீமியா என்ற இரத்தக் குறையின் காவி நிலையாலும் (நோயாக வெளித்தெரியாமல் உடம்பில் இருப்பது) கலம் சிறுத்திருக்கும். அது மட்டும் என்றால் பொதுவாக 8.9 வரை இறங்காது. ஆனாலும் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஆகவே ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். இரும்பின் சேமிப்புப் புத்தகம் அது. ஒன்று தெரிந்து வைத்திருங்கள்: உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அந்தப் புத்தகம் இல்லாத காசை இருப்பதாகக் காட்டும்.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இளைப்பாறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன், ஒரு ஆஸ்பத்திரியில், உங்களைப் போலவே ஒரு பிள்ளை இரும்புக்கும் கல்சியத்துக்கும் துண்டு கொண்டுவந்தது. வரிசை மதில் வரை நின்றது. "எப்ப போடுற மிஸ்?" என்று கேட்டது. "எல்லாத்தையும் ராவைக்குப் படுக்கக்குள்ள ஒண்டாப் போடுங்க மகள், மறக்க மாட்டீங்க" என்றேன். வேறு மருந்து எடுக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தனை பேருக்கு முன்னால் அது சொல்லியிராது. மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வந்து, வரிசை முடியும்வரை தூணோரம் நின்று, பிறகு யன்னலுக்கு வந்தது. மற்றக் கிளினிக்கில் வைரஸ் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. குளிசைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொல்லிப் பார்த்துத்தான் அங்கே காரணத்தைப் பிடித்திருக்கிறார்கள். "நீங்க சொன்ன மாதிரித்தான் மிஸ் போட்டன்" என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். டொலுடெகிராவிரை இரும்பும் கல்சியமும் வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்துப் போட்டால் மருந்தில் அரைவாசிக்கு மேல் இரத்தத்தில் சேராது. நீங்களும் படுக்கும்போதுதான் போடுகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். டொலுடெகிராவிர் போட்டு 2 மணித்தியாலம் கழித்து இரும்பு போடலாம். முதலில் இரும்பு போட்டுவிட்டால், டொலுடெகிராவிருக்கு 6 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அல்லது இரண்டையும் ஒரு முழுச் சாப்பாட்டோடு ஒன்றாகப் போடலாம், அப்போது சிக்கல் இல்லை. உங்களுக்கு இலகுவானது, இரும்பைப் பகல் 11 மணிக்கு வைப்பது. தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். ஒரு மாதத்தில் எச்.பி. 2 அளவில் ஏறினால் வழி சரி. ஏறாவிட்டால் காரணம் வேறு. ஏறின பிறகும் சேமிப்பு நிறைய மூன்று மாதமளவு தொடர வேண்டியிருக்கும், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

நெஞ்செரிவுக்கு விற்கிற அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துகள் இன்னும் மோசம். அவற்றுக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிற சலுகையும் கிடையாது, 2 மணி, 6 மணிக் கணக்குத்தான்.

இனி உங்கள் நோயையும் மருந்தையும் எழுதி வைக்கிற இரண்டு கிளினிக் கொப்பிகள். மெடிக்கல் கிளினிக் கொப்பி ஊரறிய இருக்கிறது, மற்றது உடுப்புப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. அடியில் கிடப்பதை எடுத்துப் போய் எல்லா இடத்திலும் காட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது இலகு, செய்வது கஷ்டம். மறுபக்கமாகச் செய்யுங்கள். மெடிக்கல் கொப்பியையும் அவர்கள் தந்த குளிசைகளையும் ஒரு பையில் போட்டு, எச்.ஐ.வி. மருந்து தருகிற கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அங்கேதான் நீங்கள் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி மற்றக் கொப்பியிடம் போனால் போதும், இரண்டும் நடக்கத் தேவையில்லை. லேபிளைக் கிழித்தது எனக்கு விளங்குகிறது. மருந்தின் பெயரை மட்டும் நீங்கள் நம்புகிற ஒரு ஆளிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். மயங்கி விழுந்தால் யாராவது சொல்ல வேண்டுமே.

கேள்வி: வயது 54, அக்கரைப்பற்றுக்குக் கிட்ட. சிறுநீரகம் கொஞ்சம் பழுது என்பதால் எனக்குச் சிடோவுடின் சேர்ந்த குளிசை, காலையும் இரவும். பல வருசமாகிறது. எச்.பி. 11.6, எம்.சி.வி. 113. இரத்தம் எடுத்த தம்பி, பி12 குறைவு போலத் தெரிகிறது, ஊசி போடுங்கள் என்றார். வெளியில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: 113ஐப் பார்த்து அந்தத் தம்பி அப்படி நினைத்ததில் பிழையில்லை. பி12 குறைந்தாலும் கலம் பெருக்கும், ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் பெருக்கும். உங்களுக்கு மூன்றாவது ஒரு காரணம் இருப்பது அவருக்குத் தெரியாது, நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். சிடோவுடின் எடுக்கிற பெரும்பாலானோருக்கு எம்.சி.வி. ஏறும். சோகை இல்லாதவர்களுக்கும் ஏறும். ஒரு காலத்தில் நோயாளி குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்க்க டொக்டர்மார் இந்த எண்ணைத்தான் புரட்டினார்கள். அந்த வகையில் 113 உங்களுக்கு நல்ல சாட்சிப் பத்திரம்.

11.6தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்களுக்கு 13க்குக் கீழே சோகை. சிடோவுடின் காரணமாக இருக்கலாம், சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம். இரத்தம் ஊறச்சொல்லி மச்சைக்குக் கட்டளை அனுப்புகிற ஹோர்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது பழுதானால் கட்டளையும் குறையும். அந்த மாதிரிச் சோகைக்கு பி12 ஊசி எத்தனை போட்டும் காசுதான் போகும். தைரொயிட்டும் பார்க்க வேண்டியது. சாராயம் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாவிட்டால் நல்லது. இருந்தால் அதுவும் கலத்தைப் பெருப்பிக்கும் என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்துத் திகதிப்படி அடுக்குங்கள். இரண்டு வருசமாக 11.6இல் நிற்பது ஒரு விதம், போன தவணை 13.5 இருந்து இறங்கியிருந்தால் அது வேறு விதம். அதை வைத்துத்தான் மருந்தை மாற்றுவதா என்று கிளினிக்கில் யோசிப்பார்கள். டெனோஃபோவிர் ஒத்துவராதவர்களுக்குச் சிடோவுடின் ஒன்றுதான் வழி என்றில்லை, அபாகாவிர் போன்றவை உண்டு. மாற்றுகிறவர் டொக்டராக இருக்கட்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

கேள்வி: பீட்ரூட் சாறு தினமும் குடித்தால் இரத்தம் ஊறுமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: சிறுநீர் சிவக்கும். இரத்தம் ஊற வேண்டுமென்றால் ஈரல், இறைச்சி, மீன், வாவி மட்டி. இவற்றில் உள்ள இரும்பு இலகுவில் சேரும். மரக்கறிக்காரர் என்றால் கௌபி, பயறு, முருங்கையிலை, கூடவே தேசிக்காய். பீட்ரூட் கறி நல்ல கறி, அதை மருந்தாக்காதீர்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கி இரண்டு மாதம். எச்.பி. 7.4. பின்னேரமானால் காய்ச்சல், இரவில் தலையணை நனைகிற வியர்வை, சாரம் இடுப்பில் நிற்கவில்லை. ஆட்டீரல், முட்டை, சூப்பு எல்லாம் கொடுக்கிறோம். கிளினிக் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதுவரைக்கும் நல்ல டொனிக் ஒன்று சொல்லுங்கள் மிஸ்.

பதில்: டொனிக் சொல்ல மாட்டேன். தபாலில் வந்த கடிதத்தை வாசித்து நான் எழுந்து நின்றது இந்த ஒன்றுக்குத்தான். இதழ் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்றால், திகதியைப் பார்க்காமல் நாளைக் காலையே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், எழும்பும்போது விழுந்தால், காலை வரைக்கும் பொறுக்க வேண்டாம், 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசில்லை.

8க்குக் கீழே போனால் கடுமையான சோகை. அதோடு காய்ச்சல், வியர்வை, மெலிவு மூன்றும் சேர்ந்தால் முதலில் தேட வேண்டியது காசநோய். இருமல் இல்லையே என்று நினைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காசநோய் நெஞ்சுக்கு வெளியேயும் இருக்கும், கழுத்து நிணநீர் முடிச்சில், வயிற்றில், மச்சைக்குள்ளும் இருக்கும். இன்னொன்று, மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி திரும்புகிற இந்த முதல் மாதங்களில்தான் அதுவரை ஒளிந்திருந்த காசநோய் கிளம்பித் தெரியும். மருந்து அவரைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் பேச்சு வரும், குளிசையை மறைத்து வைக்கவும் பார்ப்பார்கள். விடாதீர்கள். வைரஸ் கட்டுக்குள் வராமல் இருப்பதும் மச்சையை அமுக்குகிற ஒரு காரணம். மருந்தால்தான் அது நிமிரும்.

ஈரலும் முட்டையும் ஏன் ஏற்றவில்லை என்றால், பெரிய தொற்று உள்ளே இருக்கும்போது உடம்பு தன் இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்துவிடும். பூட்டின பெட்டிக்கு வெளியே எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போகாது. கிருமியை அடித்தால் பூட்டு தானாகத் திறக்கும். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, அது மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும்.

கொண்டுபோகும்போது அவர் எடுக்கிற எல்லாக் குளிசையையும் எடுத்துப்போங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கோட்ரிமொக்சசோல் என்று ஒரு வெள்ளைக் குளிசை கொடுப்பது வழக்கம். நிமோனியாவைத் தடுக்கிற அருமையான மருந்து அது, ஆனால் சிலருக்கு மச்சையையும் அமுக்கும். அதைத் தொடர்வதா, அளவை மாற்றுவதா என்று டொக்டர் பார்க்க வேண்டும். காசநோய் என்று உறுதியாகி ரிஃபாம்பிசின் தொடங்கினால், டொலுடெகிராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட வேண்டி வரும். ரிஃபாம்பிசின் அதை உடம்பில் இருந்து சீக்கிரம் கழித்துவிடும். ஆகவே செஸ்ட் கிளினிக்கில் மருந்து தருகிறவருக்கு மற்ற மருந்து தெரிந்தே ஆக வேண்டும். இந்த விசயத்தில் மட்டும் இரண்டு கொப்பியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் 5 மாதக் கர்ப்பிணி. எச்.ஐ.வி. இருப்பது கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் தெரிந்தது, மருந்து தொடங்கிவிட்டார்கள், தினமும் டொலுடெகிராவிர் உள்ள ஒரு குளிசை. எச்.பி. 10.2. தாய் சேய் கிளினிக்கில் மிஸ் தருகிற இரும்பு, விட்டமின் சி, கல்சியம் மூன்றையும் எப்போது எடுப்பது? பிள்ளைக்கு வந்துவிடுமா என்ற பயத்தில் நித்திரையே இல்லை.

பதில்: பயத்துக்கு முதலில். தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. கடத்தப்படுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் அங்கீகரித்தது. உங்களுக்குச் செய்தது போல ஒவ்வொரு கர்ப்பிணியையும் பரிசோதித்து, நேரத்தோடு மருந்து கொடுத்ததால் வந்த பலன் அது. நீங்கள் அந்த வழியில்தான் நிற்கிறீர்கள். டொலுடெகிராவிர் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று 2018இல் ஒரு கதை எழும்பியது. பிறகு கூடுதலான தாய்மாரைத் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பயம் நிற்கவில்லை. பழைய பேப்பர் துண்டை யாராவது காட்டினால் கலங்காதீர்கள். பிறந்த பிறகு பிள்ளைக்குச் சில கிழமை பாணி மருந்து கொடுப்பார்கள். அது சிடோவுடின் பாணி என்றால் குழந்தையின் எச்.பி. கொஞ்சம் இறங்கி, மருந்து முடிந்ததும் மீளும். பார்த்துக்கொள்வார்கள்.

கர்ப்பத்தில் 11க்குக் கீழே என்றால் சோகை. 10.2 இலேசானது. வயிற்றில் வளர்கிற பிள்ளை தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. மிஸ் தருகிற இரும்பு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். எச்.ஐ.வி. குளிசையோடு மோதும் என்று கேள்விப்பட்டு அதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். எறியத் தேவையில்லை, நேரத்தைப் பிரித்தால் போதும்.

காலை 6 மணி, எழும்பி முகம் கழுவினதும் எச்.ஐ.வி. குளிசை, வெறும் தண்ணியோடு. 7 மணிக்குப் பிட்டோ இடியப்பமோ தேத்தண்ணியோ, உங்கள் விருப்பம். 10 மணிக்கு இரும்பும் விட்டமின் சியும் ஒன்றாக. அவை இரண்டும் கூட்டாளிகள், சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். கல்சியத்தை அந்தப் பக்கம் விடாதீர்கள், அது இரும்பையும் தடுக்கும். அதை இரவுச் சோற்றோடு 8 மணிக்கு வையுங்கள். மறுநாள் 6 மணிக்கு முன் பத்து மணித்தியாலம் கிடைக்கிறது.

10 மணிக்கு இரும்பு குமட்டினால் பின்னேரம் 3 மணிக்குத் தள்ளலாம். கணக்கு அப்போதும் சரிதான்.